நெடுநாள் நின்ற வாகனம்: ஸ்ராட்டர் சுற்றாவிட்டால் எங்கே பார்ப்பது?

எமது குடாநாட்டில் ஒரு வாகனம் வருடக்கணக்கில் ஓடாமல் நிற்பது புதிய விடயமல்ல. 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் கையில் எடுத்ததோடு வெளியேறினார்கள். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது எரிபொருளுக்கு மீண்டும் தட்டுப்பாடு வந்தது. 2022 இல் நாடு முழுவதும் பெற்றோலும் டீசலும் இல்லாமற் போய், பின்னர் வாரப் பங்கீடு வந்தது. ஒவ்வொரு முறையும் கார்களும் உழவு இயந்திரங்களும் கொட்டிலிலும் மாமர நிழலிலும் நின்றுவிட்டன.

இன்று அப்படி நின்ற வாகனத்துக்குப் பெறுமதி கூடியிருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாது. பழைய கார் ஒன்று எழும்பினால் வெங்காயமும் புகையிலையும் சந்தைக்குப் போகும். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். ஹயர் ஓடி நாலு காசு பார்க்கலாம்.

ஆனால் திறப்பைத் திருப்பியவுடன் ஸ்ராட்டர் ஏமாற்றிவிடுகிறது. சத்தமே இல்லை, அல்லது 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும். 'ஸ்ராட்டர் எரிந்துவிட்டது' என்று முடிவுகட்டி, கடன்பட்டுப் புதிதாக வாங்குபவர்களும் உண்டு. மனமுடைந்து வாகனத்தைப் பழைய இரும்புக்குக் கொடுப்பவர்களும் உண்டு. நெடுநாள் நின்ற வாகனத்தில் ஸ்ராட்டர் சுற்றாததற்குப் பெரும்பாலும் காரணம் ஸ்ராட்டர் அல்ல. அதற்குப் போகும் வழியில் எங்கோ தடை இருக்கிறது. அந்தத் தடையைப் படிப்படியாகத் தேடும் முறையை இங்கே பார்ப்போம். இவற்றிற் பெரும்பகுதியை வீட்டிலே, இரண்டு ஸ்பனரும் ஒரு சிறிய பல்பும் கொண்டு, ஆண் பெண் யாரும் செய்யலாம்.

முதலில் இடத்தைப் பாருங்கள்

விடுவிக்கப்பட்ட காணியில், பற்றைக்குள் நிற்கும் வாகனமானால் ஓடிப்போய் கதவைத் திறக்கவேண்டாம். அந்தக் காணியில் கண்ணிவெடி அகற்றி முடிந்துவிட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டு அறியுங்கள். வாகனத்தின் உள்ளேயோ அடியிலோ சந்தேகமான பொருள் எதையும் கண்டால் தொடாமல், வந்த காலடித் தடத்திலேயே திரும்பிச் சென்று பொலிசுக்கு அறிவியுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடவேண்டாம்.

வீட்டு முற்றத்தில் நின்ற வாகனமானாலும் பொனற்றைத் திறக்கும்போது பாம்பு, குளவிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடிபட்டு வெறுமையான வயரோடு பற்றறியைப் பூட்டினால் தீப்பிடிக்கும்.

கிணறும் வாய்க்காலும் பாத்தியும்

ஸ்ராட்டரின் வேலையை விளங்கிக்கொள்ளத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பற்றறி கிணறு. தடித்த வயர் வாய்க்கால். சொலனோயிட் என்பது மடையைத் திறந்து தண்ணி மாறுபவர். ஸ்ராட்டர் கடைசியில் இருக்கும் பாத்தி. பாத்தியில் தண்ணீர் இல்லையென்றால் நாம் பாத்தியைக் குறைசொல்வதில்லை. கிணற்றில் நீர் உண்டா, வாய்க்கால் எங்கே உடைந்திருக்கிறது என்றுதான் பார்ப்போம்.

ஒரு வேறுபாடு உண்டு. தண்ணீர் பாத்தியில் ஊறிவிடும். மின்சாரம் மீண்டும் கிணற்றுக்கே திரும்பவேண்டும். அது திரும்பும் வழி எஞ்சினின் இரும்பும் வாகனத்தின் உடலும்தான். இதையே 'எர்த்' என்கிறோம். திரும்பும் வழி துருப்பிடித்துத் தடைப்பட்டாலும் ஸ்ராட்டர் சுற்றாது.

'ஹோர்ண் அடிக்கிறது, லைற் எரிகிறது, ஆகவே பற்றறி நல்லது' என்று பலர் சொல்வார்கள். இது சரியல்ல. முன்விளக்கு ஒன்றுக்கு 4 அல்லது 5 அம்பியர் போதும். காரின் ஸ்ராட்டருக்கு 100 முதல் 200 அம்பியர் வேண்டும். டீசல் உழவு இயந்திரத்துக்கு அதிலும் கூட. சிறு தடையும் இங்கே பெரிதாகிவிடும். பற்றறி முனையில் ஒரு ஓமின் நூறில் இரண்டு பங்கு தடை இருந்தாலே, 150 அம்பியர் ஓடும்போது 3 வோல்ற் அங்கேயே வீணாகும். 12 வோல்ற்றில் 3 போனால் ஸ்ராட்டர் முனகுமே தவிரச் சுற்றாது. அதே முனையால் விளக்கு ஒன்று குறையில்லாமல் எரியும்.

படி 1: எஞ்சினைக் கையால் சுற்றுங்கள்

திறப்பைத் திருப்புவதற்கு முன் செய்யவேண்டியது இது. நெடுநாள் நின்ற எஞ்சினில் பிஸ்ரன் வளையங்கள் துருவினால் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். 1990களில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களுக்கு இந்த ஆபத்து அதிகம். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை ஐதாக்கிவிடுவதால், உள்ளே ஒயில் படலம் நிற்பதில்லை. ஒட்டிய எஞ்சினை ஸ்ராட்டரால் அசைக்க முயன்றால் நல்ல ஸ்ராட்டரும் எரியும்.

பற்றறியைக் கழற்றிவிடுங்கள். கியரை நியூற்றலில் வைத்து, பிறேக்கை இழுத்து, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு மேசைக்கரண்டி புதிய எஞ்சின் ஒயில் விட்டு ஒரு நாள் விடுங்கள். பின்னர் ஹான்டில் உள்ள கார் என்றால் ஹான்டிலால் மெதுவாகச் சுற்றுங்கள். பெருவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்து, கீழிருந்து மேலாக இழுங்கள். ஹான்டில் இல்லாத வாகனத்தில் முன்பக்கக் கப்பி நடுவிலுள்ள பெரிய நட்டில் ஸ்பனரைப் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே திருப்புங்கள்.

அசையாவிட்டால் பலத்தைப் பிரயோகிக்கவேண்டாம். மீண்டும் ஒயில் விட்டு இரண்டு மூன்று நாள் பொறுங்கள். அப்போதும் அசையாவிட்டால் பழுது எஞ்சினில்தான். ஸ்ராட்டருக்குக் காசு செலவழித்துப் பயனில்லை. டீசல் எஞ்சினில் இன்ஜெக்டரைக் கழற்றுவது மெக்கானிக்கின் வேலை. இரண்டு முழுச் சுற்று தடையின்றிச் சுற்றினால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: பற்றறி

ஓடாமல் நிற்கும் பற்றறி தானாகவே இறங்கும். எமது வெப்பத்தில் இன்னும் விரைவாக இறங்கும். இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் நின்றால் ஈயத் தகடுகளில் வெள்ளைப் படிவு இறுகி, பின்னர் சார்ஜ் ஏறாது. ஒரு வருடத்துக்கு மேல் கவனிப்பின்றி நின்ற பற்றறி பெரும்பாலும் திரும்பி வராது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். ஆனாலும் புதிது வாங்கமுன் ஒருமுறை சோதியுங்கள்.

மூடியுள்ள பற்றறியானால் தகடுகளுக்கு மேல் ஒரு சென்ரிமீற்றர் அளவு நீர் நிற்கவேண்டும். குறைந்தால் கடையில் விற்கும் பற்றறித் தண்ணீர் மட்டுமே விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் கூடாது. எமது நிலத்தடி நீர் சுண்ணக்கல்லில் ஊறிய நீர். அதிலுள்ள சுண்ணாம்பும் உப்பும் தகடுகளைக் கெடுக்கும். அசிற்றும் விடவேண்டாம்; வற்றுவது தண்ணீர்தான், அசிற் அல்ல.

பின்னர் மெதுவாகச் சார்ஜ் செய்விக்கவேண்டும். 40 அம்பியர்-மணி பற்றறிக்கு 4 அம்பியர் வீதம் ஏறக்குறைய 12 மணித்தியாலம். கழற்றி ஓர் இரவு வைத்துவிட்டு மீற்றரால் அளந்தால்:

12.6 வோல்ற் அல்லது மேல் - நல்லது.
12.2 வோல்ற் அளவில் - பாதிதான் நிற்கிறது. மீண்டும் சார்ஜ் செய்து பாருங்கள்.
10.5 வோல்ற் அளவில் - ஓர் அறை செத்துவிட்டது. பற்றறியை மாற்றவேண்டும்.

நல்ல பற்றறி ஸ்ராட்டர் சுற்றும் நேரத்திலும் 9.6 வோல்ற்றுக்குக் கீழே போகாது. உங்கள் பற்றறி சந்தேகமென்றால், அயலவரின் ஓடும் வாகனத்திலுள்ள பற்றறியை அரை மணிநேரம் இரவல் வாங்கிப் பூட்டிப் பார்ப்பதே மலிவான சோதனை.

படி 3: முனைகளும் எர்த்தும்

குடாநாட்டின் எந்த ஊரும் கடலுக்கோ கடனீரேரிக்கோ தூரமில்லை. உப்புக் காற்று செம்பையும் இரும்பையும் அரிக்கும். பற்றறி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றி, அப்பச்சோடா கரைத்த சுடுநீரால் கழுவுங்கள். சோடாத் தண்ணீர் பற்றறிக்கு உள்ளே போகக்கூடாது. முனையையும் கிளிப்பின் உட்பக்கத்தையும் பளபளப்பாகச் சுரண்டி, இறுகப் பூட்டி, மேலே கிறீஸ் பூசுங்கள்.

இதே வேலையை இன்னும் மூன்று இடங்களிற் செய்யவேண்டும்: எர்த் வயர் உடலில் பூட்டப்பட்ட இடம், எஞ்சினுக்கும் சசிக்கும் இடையிலுள்ள பின்னல் வயரின் இரு நுனிகள், சொலனோயிட்டிலும் ஸ்ராட்டரிலும் தடித்த வயர் வந்து சேரும் நட்டுகள். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள்; துரு வளையத்தின் அடியில் ஒளிந்திருக்கும். எஞ்சினின் பின்னல் வயர் அறுந்திருந்தால் அதைக் காட்டித்தரும் அறிகுறி ஒன்று உண்டு. ஸ்ராட்டரை இயக்கும்போது சோக் கேபிள் அல்லது அக்சிலேற்றர் கேபிள் சுடும். மின்சாரம் வேறு வழியின்றி அந்த மெல்லிய கம்பியால் திரும்புகிறது என்பதே அதன் பொருள்.

இவ்வளவும் செய்து முடித்தபின்னரே பிளக்குத் துவாரங்களைத் துணியால் மூடி, கொயில் வயரைக் கழற்றிவிட்டு, திறப்பைத் திருப்பிப் பாருங்கள். பல வாகனங்கள் இந்த இடத்திலேயே சுற்றத் தொடங்கிவிடும்.

படி 4: சத்தத்தைக் கேளுங்கள்

இன்னும் சுற்றாவிட்டால் ஒருவர் திறப்பைத் திருப்ப, மற்றவர் எஞ்சின் பக்கத்தில் விலகி நின்று கேட்கவேண்டும். திறப்பை 5 விநாடிக்கு மேல் பிடிக்கவேண்டாம்.

1. சத்தமே இல்லை: சொலனோயிட்டுக்கு உத்தரவு போகவில்லை. திறப்புச் சுவிச், பியூஸ், சொலனோயிட்டுக்கு வரும் மெல்லிய வயர் ஆகியவற்றைப் பாருங்கள். 12 வோல்ற் பல்ப் ஒன்றின் ஒரு வயரை எஞ்சினின் இரும்பிலும், மற்றதை அந்த மெல்லிய வயர் வரும் இடத்திலும் பிடியுங்கள். திறப்பைத் திருப்பும்போது பல்ப் எரிந்தால் உத்தரவு வருகிறது; பழுது சொலனோயிட்டில். எரியாவிட்டால் பழுது சுவிச்சின் பக்கத்தில். ஓட்டோமற்றிக் காரில் கியர் 'பி' அல்லது 'என்' இல் நிற்காவிட்டாலும் சத்தம் வராது.

2. 'டிக் டிக் டிக்' என்று விரைவாக: பற்றறி பலவீனம், அல்லது முனை இன்னும் சரியில்லை.

3. பலமாக ஒரே ஒரு 'டக்': சொலனோயிட் இழுக்கிறது, ஆனால் ஸ்ராட்டர் சுற்றவில்லை. சொலனோயிட்டின் உள்ளே செப்புத் தொடுகை கறுத்திருக்கலாம். அல்லது ஸ்ராட்டரின் காபன் பிரஷ் சிறைப்பட்டிருக்கலாம்.

4. மெதுவாக, முனகிக்கொண்டு சுற்றுதல்: இறங்கிய பற்றறி, துருப்பிடித்த வயர், அல்லது ஸ்ராட்டரின் புஷ் காய்ந்து தேய்ந்திருத்தல்.

5. 'விர்ர்' என்று தனியாகச் சுற்றி எஞ்சின் அசையாமை: ஸ்ராட்டரின் மோட்டார் நல்லது. அதன் சிறு பற்சில்லு பிளைவீலோடு போய்ச் சேரவில்லை.

இருட்டிய பின் முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சோதித்தால் இன்னும் தெளிவாகும். திறப்பைத் திருப்பும்போது விளக்கு முற்றாக அணைந்தால் பற்றறி அல்லது முனை பழுது. ஸ்ராட்டர் சுற்றாமல் விளக்கு நன்றாக மங்கினால் ஸ்ராட்டரோ எஞ்சினோ இறுகியிருக்கிறது. விளக்கில் மாற்றமே இல்லையென்றால் ஸ்ராட்டருக்கு மின்சாரம் போகவேயில்லை.

ஒஸ்ரின், மொறிஸ் வைத்திருப்பவர்களுக்கு

குடாநாட்டில் இன்றும் ஓடும் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலேயக் கார்களில் இரண்டு விசேடங்கள் உண்டு.

ஒன்று, இவற்றின் ஸ்ராட்டர் பற்சில்லு சுருள் தடத்தில் வழுக்கி முன்னே செல்வது. இதைப் பென்டிக்ஸ் என்பார்கள். நெடுநாள் நின்றால் இந்தத் தடத்தில் தூசியும் துருவும் பிடித்துப் பற்சில்லு நகராது. மேலே ஐந்தாவதாகச் சொன்ன 'விர்ர்' சத்தம் வரும். ஸ்ராட்டரை இறக்கி, அந்தப் பகுதியை மண்ணெண்ணெயில் பிறஷ் கொண்டு கழுவி, காயவிட்டுப் பூட்டினால் போதும். கிறீஸ் பூசக்கூடாது, அது தூசியைச் சேர்த்து மீண்டும் சிறைப்படுத்தும். பற்சில்லு பிளைவீலில் இறுகிப் பிடித்துக்கொண்டால், திறப்பை மூடி, டொப் கியரில் போட்டு, காரை முன்னும் பின்னுமாக அசையுங்கள். ஸ்ராட்டரின் பின் நுனியிலுள்ள சதுர முனையை ஸ்பனரால் திருப்பியும் விடுவிக்கலாம்.

மற்றது, இக்கார்கள் பெரும்பாலும் பற்றறியின் பிளஸ் முனை உடலோடு பூட்டப்பட்டு வந்தவை. பிற்காலத்தில் சிலவற்றை மாற்றியும் இருக்கிறார்கள். ஆகவே பற்றறியைக் கழற்றமுன் எந்த முனை உடலோடு பூட்டியிருக்கிறது என்று குறித்துவையுங்கள். மாறிப் பூட்டினாலும் இந்த ஸ்ராட்டர் அதே பக்கம்தான் சுற்றும். பிழை உடனே தெரியாது. ஆனால் ஓல்ரனேற்றர் பூட்டிய வாகனமானால் அது அந்தக் கணமே எரிந்துவிடும்.

மசி பேர்கசன் 35, 135 உழவு இயந்திரங்களில் கியர் நெம்பு 'எஸ்' என்ற இடத்தில் நின்றால்தான் ஸ்ராட்டர் இயங்கும். நெடுநாள் நின்றால் அதற்குரிய சுவிச்சின் தொடுகை கறுத்துவிடும். ஸ்ராட்டரைக் கழற்றமுன் அந்தச் சுவிச்சைக் கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள்.

ஸ்ராட்டரைக் கழற்றவேண்டி வந்தால்

மேலுள்ள எல்லாம் சரியாக இருந்தும் சுற்றாவிட்டால் இப்போது ஸ்ராட்டரைச் சந்தேகிக்கலாம். அப்போதும் அது எரிந்திருக்கவேண்டும் என்பதில்லை. காபன் பிரஷ் அதன் கூட்டுக்குள் ஒட்டி நிற்கலாம். அது தொடும் செப்பு உருளை கறுத்திருக்கலாம். பிரஷைச் சுத்தம் செய்து, உருளையை மெல்லிய சான்ட் பேப்பரால் துடைத்தால் பல ஸ்ராட்டர்கள் எழும்பும். எமறித் தாள் பாவிக்கவேண்டாம். அதன் துகள் செப்புத் தகடுகளுக்கிடையில் மின்சாரத்தைக் கடத்தும். வயர்ச் சுற்று கருகி மணந்தால் மட்டுமே திரும்பச் சுற்றவேண்டும்.

கராஜுக்குக் கொண்டுபோவதானால் 'ஸ்ராட்டர் பழுது' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'எஞ்சின் கையால் சுற்றுகிறது, பற்றறி 12.6 நிற்கிறது, முனைகள் துப்புரவாக்கினோம், ஒரு டக் சத்தம் மட்டும் வருகிறது' என்று சொல்லுங்கள். வேலையும் குறையும், கூலியும் குறையும்.

செய்யக்கூடாதவை

ஸ்குறூ டிறைவரால் ஸ்ராட்டரின் இரு முனைகளையும் தொடுப்பது பலரின் வழக்கம். வாகனம் கியரில் நின்றால் அது பாய்ந்து முன்னே நிற்பவரை ஏறிவிடும். உழவு இயந்திரங்களில் இவ்வாறு உயிரிழப்புகள் நேர்கின்றன.

சார்ஜ் ஏறும் பற்றறிக்கு அருகில் பீடி, சுருட்டு, விளக்கு வேண்டாம். அதிலிருந்து வரும் வாயு வெடிக்கும். அசிற் கண்ணிலோ தோலிலோ பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவி வைத்தியரிடம் செல்லுங்கள்.

வேறு வாகனத்திலிருந்து வயர் கொடுத்து எழுப்பும்போது பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். கடைசி இணைப்பைப் பற்றறியில் அல்லாமல் எஞ்சினின் இரும்பில் பிடியுங்கள். பிளஸ் எர்த் காரில் அந்தக் கடைசி வயர் பிளஸ் வயராக இருக்கும். ஒன்று பிளஸ் எர்த், மற்றது மைனஸ் எர்த் என்றால் இரு வாகனங்களின் உடல்களும் முட்டக்கூடாது.

எஞ்சின் ஓடத் தொடங்கினாலும் உடனே வீதிக்கு ஏற்றவேண்டாம். நெடுநாள் நின்ற வாகனத்தில் பிறேக்கும் இறுகியோ ஒழுகியோ இருக்கும். எஞ்சின் ஒயிலையும் பழைய பெற்றோலையும் மாற்றி, பிறேக்கைச் சோதித்த பின்னரே வெளியே எடுங்கள்.

மீண்டும் நிறுத்தவேண்டி வந்தால்

காசில்லாமலோ எரிபொருள் இல்லாமலோ வாகனத்தை மீண்டும் நிறுத்த நேரலாம். அப்போது அரை நாள் வேலை பின்னர் பல ஆயிரம் ரூபாவை மிச்சப்படுத்தும்.

பற்றறியைக் கழற்றி, உலர்ந்த பலகையில், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் செய்விக்கவேண்டும். பிளக்குத் துவாரங்களில் சிறிது ஒயில் விட்டு மூடவேண்டும். சைலென்சர் வாயையும் காற்று உள்ளெடுக்கும் வாயையும் துணியால் அடைக்கவேண்டும். வாகனத்தைக் கல்லின் மேல் ஏற்றி ரயர்களை நிலத்திலிருந்து தூக்கவேண்டும். பொலித்தீனால் இறுகச் சுற்றக்கூடாது. உள்ளே வியர்த்துத் துரு கூடும். கிடுகுக் கொட்டிலே சிறந்தது. மாரி தொடங்குமுன், ஐப்பசிக்கு முன்னதாகவே இவற்றைச் செய்து முடியுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம், மாதம் ஒருமுறை எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றுவது. நீங்கள் வேறிடத்தில் இருந்தால், வாகனம் நிற்கும் வளவுக்குப் பக்கத்திலுள்ள உறவினரிடமோ அயலவரிடமோ இதை ஒப்படையுங்கள். ஐந்து நிமிட வேலை. செலவு ஒரு சதமும் இல்லை.